கிப்லா எந்தப் பக்கம்

சின்ன வயதில் எனக்கு, தொழும்போது முகம் திரும்ப வேண்டிய கிப்லா என்றால் மேற்கு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மேற்கு என்ற சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை. கிப்லா பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, கிப்லா பக்கம் காலை நீட்டாதே, கிப்லா பக்கத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி என்றுதான் பேச்சு. ஒன்றாம் வகுப்பில், சூரியன் மறைகிற திசை எது என்று டீச்சர் கேட்டபோது நான் எழுந்து நின்று கிப்லா என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வீம்பில்தான் நான் புவியியல் டீச்சர் ஆனேன் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவார். பாதி உண்மைதான்.

காரைக்குடியில் முப்பது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகளுக்குத் திசைகாட்டியைக் கையில் கொடுக்கும்போது ஒரே மந்திரம்தான்: உன் மனசு சொல்வதை நம்பாதே, கருவி சொல்வதை நம்பு. கருவியைச் சமதளத்தில் வை, கை நடுங்கக் கூடாது, கிட்டத்தில் இரும்பு இருக்கக் கூடாது. ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் கொண்டுபோய் முள் எப்படி மிரண்டு ஓடுகிறது என்று காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் என் வீட்டுக்காரர் விழுந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்றக்குடி வழியாகப் போகிற தடத்தில்தான் பாதி ஆயுள் ஓடியது. ஒரு நாள் காலையில் டீத் தம்ளரைக் கையில் வாங்கினார், தம்ளர் நழுவியது, அவரும் நழுவினார். வலது கையும் காலும் போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. நாம் பேசுவது அவருக்குப் புரியும், அவரால்தான் சொல்லை எடுக்க முடியாது, எழுதவும் வராது, கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

எங்கள் வீடு மாடியில் இருந்தது. அவரைத் தூக்கி ஏற்ற வழியில்லை. அப்போதுதான் ஒரு செட்டியார் வீட்டில் பின்கட்டு காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கார ஆச்சி என் வயதுக்காரர்தான். முன்கட்டில் தனியாக இருந்தார், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. எங்களுக்குப் பின்சந்திலிருந்து தனி வாசல். ஒரு பெரிய அறை, சமையலுக்கு ஒரு தாழ்வாரம், குளிக்க ஓர் இடம். அறையில் ஜன்னல் இல்லை. பக்கச் சுவரில் ஆச்சியின் பகுதிக்குப் போகிற ஒரு கதவு இருந்தது, அது அந்தப் பக்கம் தாழ் போட்டே கிடந்தது. தலைக்கு மேலே இருந்த, பாசி படிந்த கண்ணாடிக் கூரைத் துண்டு வழியாகத்தான் வெளிச்சம்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். சந்துக்குள் வண்டி வளைந்து வளைந்து வந்தது. இறக்கியதும் நான் முதலில் கேட்டது கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்றுதான், கேட்டதும் என்னிடமேதான். நடமாட முடியாதவர் தலையணையில் சாய்ந்து, முகம் கிப்லாவைப் பார்க்கும்படி இருந்து, தலையசைப்பால் தொழலாம். கால் அந்தப் பக்கம் நீண்டாலும் நோயாளிக்குக் குற்றமில்லை. இது எனக்குத் தெரியும். திசைதான் தெரியவில்லை. வானத்தில் சூரியன் இருந்த சுவடே இல்லை.

ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகன் ஊருக்கு வந்தபோது என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த கிப்லா காட்டும் செயலியை எடுத்தேன். கையில் பிடித்தால் நடுங்கும் என்று, சுவரில் பதித்த மர அலமாரி ஒன்றின் கீழே மட்டமாக நீட்டியிருந்த கல்திட்டில் போனை வைத்தேன். அலமாரி பூட்டியிருந்தது. முள் ஒரு பக்கம் போய் நின்றது. என் மனசு லேசாகத் தகராறு பண்ணியது. சந்து அப்படித் திரும்பியதே, இது இப்படியா இருக்கும் என்றது. நான்தான் மனசை நம்பாத ஆளாயிற்றே. மூன்று தடவை எடுத்து எடுத்து அதே திட்டில் வைத்தேன், மூன்று தடவையும் முள் அதே இடத்தைக் காட்டியது. கட்டிலை அதன்படி திருப்பிப் போட்டேன். என் தொழுகைப் பாயையும் அப்படியே விரித்தேன். ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதி வந்தது. அதற்குப் பிறகு திசையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போது நினைத்தால் தேதி வாரியாக வருவதில்லை. எல்லாம் ஒரே நீண்ட பிற்பகலாகக் கிடக்கிறது. தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், காயாத துணியின் வாசம், கஞ்சி கொதிக்கும் சத்தம், கூரைக் கண்ணாடியிலிருந்து இறங்கித் தரையில் நகராமல் நிற்கிற சாம்பல் வெளிச்சம். அவர் கண்ணை மூடினால் நானும் மூடுவேன். திறந்தால் மணி நாலா, பத்தா என்று தெரியாது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கட்டுக் கட்டாகத் திறந்த முற்றங்களில் மோதிச் சுற்றி, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வரும். ஐந்து வேளைப் பாங்கும் இல்லாவிட்டால் அது எந்த நாள் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

பாங்கு சொன்னதும் அவர் முகத்தையும் கையையும் ஈரத் துணியால் துடைத்து ஒளு செய்துவிடுவேன். தலையணையை உயர்த்துவேன். அவர் உதடு அசையும். அப்போதெல்லாம் அவர் தலை மெல்ல மெல்ல வலப்பக்கம் போகும். நோயின் வேலை, கழுத்து நிற்கவில்லை என்று நான் எண்ணினேன். கன்னத்தில் கை வைத்து நேராக்குவேன். மறுபடி போகும். மறுபடி நேராக்குவேன். ஒரு துண்டைச் சுருட்டி வலது கன்னத்துக்கு அண்டை கொடுத்தேன். உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண், வலப்பக்கம் திரும்புவதுதான் இவருக்குச் சிரமமாக இருக்க வேண்டும், எப்படித் திரும்புகிறார் என்று ஆச்சரியப்பட்டாள். நான் அதை ஒரு நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை குறைவு. கல்யாணமான நாளிலிருந்தே அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் பத்து பேசுவேன். இப்போது அந்த ஒன்றும் இல்லை, என் பத்து மட்டும் நின்றபாடில்லை. "என்னா மச்சான் அங்குட்டே பாத்துக்கிட்டு இருக்கீக, அங்க என்னா சினிமாவா ஓடுது?" என்று கேட்டு முகத்தைத் திருப்புவேன். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் வைத்த அர்த்தங்களை எண்ணினால் ஒரு அகராதியே போடலாம். தண்ணீர், போர்வை, மூத்திரம், கொசு, மகன் போன் பண்ணினானா. எல்லாம் கேட்டுப் பார்த்தேன், இது ஒன்றைத் தவிர.

அகராதி என்றதும் நினைவு வருகிறது. அந்தப் பிற்பகல்களில் தூக்கம் வராமல் ஒரு பழைய அரபு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிப்லா என்பதற்கு மேற்கு என்று எங்கும் போட்டிருக்கவில்லை. எதிரே இருப்பது, முகம் எதை நோக்கி நிற்கிறதோ அது என்றுதான் பொருள். அதன் வேர்ச்சொல்லுக்கு முன்னால் வருதல், எதிர்கொள்ளுதல் என்று போட்டிருந்தது. அதே வேரிலிருந்துதான் கபூல் என்ற சொல்லும். நிக்காஹ்வில் மாப்பிள்ளை சபையறியச் சொல்கிற ஏற்றுக்கொண்டேன் என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததுதான். எதிர்கொண்டு வாங்கிக்கொள்வது என்று அதை நான் எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். எனக்குத் தமிழ்நாட்டில் மேற்காக இருப்பது எகிப்துக்காரனுக்குத் தென்கிழக்கு. மதீனாக்காரனுக்குத் தெற்கு. உலக உருண்டையில் எல்லா ஊரிலிருந்தும் அம்புக்குறி போட்டால் எல்லாம் ஒரே புள்ளியில் போய் முடியும். முப்பது வருஷம் உருண்டையைச் சுற்றிக் காட்டிய நான் அந்த அம்புகளை ஒரு தடவைகூட மனசில் போட்டுப் பார்த்ததில்லை. இதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சொல்லின் அழகில் உருகுகிறார் என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்தபோது அவர் தொழுவதை நிறுத்திவிட்டார்.

பாங்கு கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒளு செய்யத் துணியைக் கொண்டுபோனால் இடது கையால் தள்ளிவிடுவார். உதடு அசையாது. கஞ்சியும் பாதிக்குப் பாதி ஆயிற்று. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பயணிகள் டீ குடிக்கிற நேரத்தில் துண்டை விரித்துத் தொழுத மனிதர். காய்ச்சலில்கூட ஒரு வக்துத் தொழுகையை விட்டவரில்லை. டாக்டர் இது மனச்சோர்வு, இந்த நோய்க்கு வருவதுதான் என்று ஒரு மாத்திரை கூட்டினார். ஆள் கட்டிலில் இருக்கிறார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எங்கோ போய்க்கொண்டிருக்கிறார். அந்த ஐந்து வேளை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது, அதுவும் போனால் அவரைப் பிடித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு நாள் பயத்திலேயே கத்திவிட்டேன். "அல்லாவ விட்டா நமக்கு யாரு இருக்கா, சொல்லுங்க மச்சான்." அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. நான் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். வெள்ளையடிக்க வேண்டும், அலமாரியையும் துடைக்க வேண்டும் என்று ஆச்சி முந்தின நாளே சொல்லியிருந்தார். பிற்பகல் ஐந்து மணி இருக்கும். அஸருக்கும் அவர் தொழவில்லை. அந்தப் பக்கம் தாழ் விலகும் சத்தம் கேட்டது. நாங்கள் வந்த நாளிலிருந்து மூடியே கிடந்த கதவு முனகிக்கொண்டு திறந்தது. ஆச்சிக்குப் பின்னால் அவருடைய முற்றம் தெரிந்தது, முற்றத்துக்கு மேலே வானம், வானத்தில் இறங்குகிற சூரியன். மஞ்சள் வெயில் ஒரு பாய் விரித்த மாதிரி அறைக்குள் நீண்டு வந்து கட்டிலில் ஏறியது. தூசி அதில் மெதுவாக மிதந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் வெயிலைப் பார்த்தேன். ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துபோயிற்று.

பிறகு பார்த்தேன். வெயில் விழுந்தது அவர் நெற்றியில் இல்லை. வலது காதில், வலது கன்னத்தில், நான் அண்டை கொடுத்த துண்டில். அவர் முகம் தெற்கே பார்த்திருந்தது.

ஆச்சி இது ஒன்றும் அறியாமல் சாவிக்கொத்தோடு அலமாரிக்குப் போய் மரக் கதவைத் திறந்தார். உள்ளே மரமே இல்லை. சுவரோடு சுவராகப் பதித்த இரும்புப் பெட்டகம், ஓர் ஆள் உயரம், பூட்டே என் உள்ளங்கை அகலம். காலி என்று சிரித்தார் ஆச்சி, மாமனார் காலத்தில் பர்மாவிலிருந்து வந்தது, பெயர்த்து எடுக்க முடியாமல் கிடக்கிறது என்றார். நான் அதன் அடியிலிருந்த கல்திட்டைப் பார்த்தேன். மூன்று தடவை மட்டமாக, நடுங்காமல், ஒரு சாண் தூரத்தில் போனை வைத்த திட்டு. பிள்ளைகளுக்குக் காந்தத் துண்டைக் காட்டிய கை இதே கைதான்.

என் முகத்தைப் பார்த்து ஆச்சி பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி சந்து வழியாக எத்தனையோ தடவை வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கட்டுலு குறுக்க கெடக்கேன்னு மொத நாளே பாத்தேன் டீச்சர். அது ஒங்க வழக்கமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். கேட்டா தப்பா எடுத்துக்கிருவீகளோன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார்.

நான் அவரிடம் கேட்கவில்லை, வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் நம் சங்கதியை எதற்குச் சொல்வது என்று. அவர் என்னிடம் கேட்கவில்லை, மரியாதைக்கு. இரண்டு பேருடைய நாகரிகத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் மூன்று மாதம் தெற்கே பார்த்துக் கிடந்திருக்கிறார்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜரத்துக்குப் போன் போட்டேன். இளைஞர், என்னிடம் படித்தவர்களின் வயதுதான் இருக்கும். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார். தொடக்கத்தில் முஸ்லிம்கள் தொழுததே ஜெருசலேமில் இருக்கும் பைத்துல் முகத்தஸை நோக்கித்தான், மதீனாவுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகே கஅபாவை நோக்கித் திரும்பும் கட்டளை வந்தது என்றார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மதீனாவில் நிற்கிறவனுக்கு ஒன்று வடக்கு, மற்றது தெற்கு, அவ்வளவு பெரிய திருப்பம் என்று அன்றுதான் உறைத்தது. தொழுகையின் நடுவிலேயே சேதி கேட்டு அப்படியே திரும்பியவர்கள் உண்டு. திரும்புவதற்கு முன்பே இறந்துபோனவர்களின் தொழுகை என்ன ஆகும் என்று மற்றவர்கள் கலங்கினார்கள். யாருடைய நம்பிக்கையையும் இறைவன் வீணாக்க மாட்டான் என்று பதில் வந்தது. படுக்கையில் இருக்கிறவரைப் பற்றி நீங்கள் கவலையே படாதீர்கள், தானாகத் திரும்ப முடியாதவர் மேல் பாரம் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "திசைய யார்கிட்டயாச்சும் கேட்டீகளா டீச்சர்?"

கேட்கவில்லை என்றேன். கேட்க ஆள் இருக்கும் ஊரில் கேட்காமல் தானே முடிவு செய்து தவறிவிட்டால், அந்தத் தொழுகைகளைத் திரும்பத் தொழுவதுதான் சரி என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு சங்கடம். பரவாயில்லை தம்பி, தொழுகிறேன் என்றேன். அது பாரமாகவே தெரியவில்லை. வேறொன்றுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

போனை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினேன். அண்டைத் துண்டு கீழே விழுந்து கிடந்தது. அவர் முகம் வலப்பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெயிலைப் பார்க்கவில்லை அவர். மார்கழிச் சூரியன் தெற்கே ஒதுங்கி இறங்கும். அவர் பார்வை அதற்கும் வடக்கே, கதவு நிலையை ஒட்டி நின்றது. அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. காரைக்குடியில் எந்தச் சந்தில் இறக்கிவிட்டாலும் குன்றக்குடி மலை இங்குட்டு என்று கை காட்டுகிற மனிதர். மலையிலிருந்து பிடித்தால் கிப்லா தப்பாது, வரைபடத்தில் போட்டுப் பாரேன் டீச்சரம்மா என்று ஒரு தடவை என்னைக் கிண்டல் பண்ணினார். கோட்டைப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய சரியாகவே இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேனில் படுத்தபடியே ஒவ்வொரு திருப்பத்தையும் எண்ணிக்கொண்டுதான் இந்த அறைக்கு வந்திருக்கிறார். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். வராத கழுத்தை வரவழைத்து ஐந்து வேளையும் அவர் திரும்பினார், ஐந்து வேளையும் நான் திருப்பிவிட்டேன். எத்தனை நாள்தான் ஒரு மனிதர் தோற்றுக்கொண்டே இருப்பார்? கடைசியில் விட்டுவிட்டார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் இடது கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னை மன்னிச்சுருங்க மச்சான் என்றேன். அழுகைக்கு நடுவிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை, அதுதான் என் பிறவிக் குணம்.

"தெரிஞ்சுக்கிட்டேவா இருந்தீக? ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் உதடு இழுபட்டது. தொண்டையில் ஏதோ உருண்டது. தண்ணி, போதும், வேணாம் என்று அப்போது மூன்று சொல்தான் அவருக்கு வந்திருந்தது. நான் காத்திருந்தேன். ஆச்சி கதவருகில் அசையாமல் நின்றார். வெளிச்சம் கட்டிலிலிருந்து மெல்ல இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

"சொன்னேன்" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். மூச்சை இழுத்துக்கொண்டு, நெடுநேரம் தேடி, இன்னும் ஒன்று எடுத்தார்.

"அஞ்சு வேளையும்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

சூரியன் மறைந்ததும் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஈரத் துணியைக் கொண்டுபோனேன், அவர் தள்ளவில்லை. கையை நீட்டினார். கட்டிலைத் திருப்ப வேண்டும். பழக்கதோஷத்தில் என் கை போனை எடுத்தது, எடுத்த வேகத்தில் அதைத் தலையணைக்கு அடியில் போட்டேன். ஆச்சி ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். தேக்குக் கட்டில், சாமானியத்தில் நகருமா? ஓர் அடி தள்ளிவிட்டு அவர் கண்ணைப் பார்ப்பேன். இன்னும் என்று கண் சொல்லும். இன்னும் ஓர் அடி. கடைசியில் அவர் கழுத்து தளர்ந்தது, முகம் தலையணையில் நேராக அமர்ந்தது. நான் அவர் கன்னத்தைத் தொடவில்லை. பாயைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எங்கே பார்க்கிறார் என்று நன்றாகப் பார்த்தேன். அந்தப் பக்கமே விரித்தேன்.